கூலி கொடுத்தவர்களின் கணக்கு

விசையின் வரலாறு – 9

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் வெள்ளிச் சுரங்கம் வெட்டியவர்களுக்குப் பாறையைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். தோண்டத் தோண்ட ஊறும். அதை இறைத்து வெளியேற்றினால்தான் அடுத்த முழம் தோண்ட முடியும். இறைப்பதற்கு நீர்ச்சக்கரங்கள் இருந்தன. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அந்தச் சக்கரங்களைச் சுற்றவே ஏரியில் தண்ணீர் இருக்காது. உள்ளே வெள்ளம், வெளியே வறட்சி. இந்தச் சிக்கலைத் தீர்த்துத் தருகிறேன் என்று 1679இல் ஹானோவர் கோமகனிடம் ஒப்பந்தம் போட்டவர், அவருடைய நூலகர். பெயர் காட்ஃப்ரீட் லைப்னிட்ஸ். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தது யார் என்று நியூட்டனோடு பிற்பாடு மல்லுக்கு நின்ற அதே லைப்னிட்ஸ்தான்.

அவருடைய திட்டம் காற்றாலை. முதலில், காற்றாலையை வைத்தே சுரங்கத்து நீரை இறைத்துவிடலாம் என்றார். பிறகு திட்டத்தை மாற்றினார். நீர்ச்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே போகும் தண்ணீரைக் காற்றாலை மீண்டும் மேல் ஏரிக்கு ஏற்றட்டும். அதே தண்ணீர் திரும்பவும் விழுந்து சக்கரத்தைச் சுற்றட்டும் என்பது புதிய யோசனை. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. மலையில் காற்று அவர் சொன்னபடி வீசவில்லை. சுரங்க அதிகாரிகளுக்கோ, வெளியிலிருந்து வந்து பாடம் நடத்தும் இந்தத் தத்துவ அறிஞரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. செலவு ஏறிக்கொண்டே போக, அடுத்து பட்டத்துக்கு வந்த கோமகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் 1685இல் போதும் என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகத் தன் வம்சத்தின் வரலாற்றை எழுதும் வேலையை லைப்னிட்ஸிடம் ஒப்படைத்தார். சாகும்வரை அவர் அதை முடிக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த ஆண்டு மார்ச்சில், லைப்சிக்கில் வெளிவந்துகொண்டிருந்த ‘ஆக்டா எருதிடோரும்’ என்ற லத்தீன் இதழில் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வந்தது. டெகார்ட் செய்த மறக்க முடியாத பிழை ஒன்றைச் சுருக்கமாக நிரூபிக்கிறேன் என்பதுதான் தலைப்பு. இறந்து 36 ஆண்டுகள் ஆன ஒருவரைத் தலைப்பிலேயே வம்புக்கு இழுத்த அந்தக் கட்டுரை, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயாத ஒரு சண்டையைத் தொடங்கிவைத்தது.

டெகார்ட் 1644இல் எழுதிய ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ பற்றிப் போன இதழில் பார்த்தோம். உலகைப் படைத்தபோது கடவுள் அதில் ஒரு குறிப்பிட்ட அளவு இயக்கத்தை வைத்தார், அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்றார் அவர். அந்த அளவைக் கணக்கிடும் வழியையும் சொன்னார்: பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கு. திசையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் மோதல்களைப் பற்றி அவர் எழுதிய விதிகளில் பெரும்பாலானவை தவறாகிப் போயின. அந்த ஓட்டையை ஹைகன்ஸ் அடைத்தார். மோதித் தெறிக்கும் கெட்டியான குண்டுகளில் நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிவரும் தொகையும் மாறாமல் இருக்கிறது என்று 1669இலேயே அவர் அறிவித்துவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று மட்டும் அவர் விளக்கப் போகவில்லை.

லைப்னிட்ஸ் விளக்கப் போனார். அவர் எடுத்த உதாரணத்தில் சுரங்க வாயிலின் வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். 1 ராத்தல் பாரத்தை 4 முழம் தூக்குவதும், 4 ராத்தல் பாரத்தை 1 முழம் தூக்குவதும் ஒரே பாடுதானே? டெகார்ட்டின் சீடர்களும் இதை மறுக்கவில்லை. கப்பியையும் நெம்புகோலையும் அறிந்த எவரும் மறுக்க முடியாது. சரி, தூக்கிய இரண்டையும் இப்போது கீழே விடுவோம். விழும் பொருளின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்று கலிலியோ காட்டியிருக்கிறார். 4 முழம் விழும் சின்ன பாரம் தரையைத் தொடும்போது அதன் வேகம் 2 என்றால், 1 முழம் விழும் பெரிய பாரத்தின் வேகம் 1.

டெகார்ட்டின் கணக்கில் சின்னதற்கு 1 × 2 = 2. பெரியதற்கு 4 × 1 = 4. சமமான பாடுபட்டு ஏற்றியவை இறங்கும்போது எப்படி ஒன்றுக்கொன்று இருமடங்காகும்? வேகத்தின் வர்க்கத்தை வைத்துப் பாருங்கள்: 1 × 2 × 2 = 4; 4 × 1 × 1 = 4. கணக்கு நேராகிவிட்டது. நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்ற இந்த அளவுக்குப் பின்னர் அவர் ‘விஸ் விவா’, அதாவது உயிருள்ள விசை, என்று பெயர் வைத்தார்.

இதோடு அவர் விடவில்லை. டெகார்ட் சொல்வது சரியென்றே வைத்துக்கொள்வோம். 1 முழம் இறங்கிய 4 ராத்தல் பாரத்திடம் இருக்கும் ‘4’ முழுவதையும் ஏதோ ஒரு பொறிமூலம் 1 ராத்தல் பாரத்துக்கு மாற்றிவிடலாம். அதன் வேகம் 4 ஆகும். வேகம் 4 என்றால் அது 16 முழம் ஏறும். 1 ராத்தலை 16 முழம் ஏற்றுவது 4 ராத்தலை 4 முழம் ஏற்றுவதற்குச் சமம். ஆக, 1 முழம் இறங்கிய பாரம் 4 முழம் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முழம் லாபம்! இது நடக்குமானால் ஹார்ட்ஸ் மலையில் காற்றாலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு மற்றவற்றையும் தூக்கும். ஆறு ஆண்டு அந்த மலையில் பட்டவருக்கு அப்படி எதுவும் நடக்காது என்பதில் சந்தேகமே இருந்திருக்காது.

பாரிஸில் டெகார்ட் கட்சி கொதித்தது. லண்டனில் நியூட்டன் கட்சிக்கும் லைப்னிட்ஸ் சொன்னது ஏற்கவில்லை. 1687இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’வில் விசை என்பது உந்தத்தை, அதாவது நிறையையும் திசையோடு கூடிய வேகத்தையும் பெருக்கிவரும் அளவை, மாற்றுவது, அதில் வேகத்தின் வர்க்கத்துக்கு இடமில்லை. 1715இலும் 1716இலும் வேல்ஸ் இளவரசி கரோலின் வழியாக லைப்னிட்ஸும் நியூட்டனின் நண்பர் சாமுவேல் கிளார்க்கும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்த வழக்கும் உண்டு. கிளார்க்கின் கேள்வி நியாயமானது. இரண்டு மென்மையான உருண்டைகள் எதிரெதிரே வந்து மோதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. உயிருள்ள விசை எங்கே போயிற்று? செத்துவிட்டதா?

லைப்னிட்ஸ் சொன்ன பதிலை இந்தத் தொடரில் இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கும். விசை அழியவில்லை, பொருளின் நுண்ணிய பகுதிகளுக்குள் சிதறிவிட்டது. பெரிய நாணயத்தைக் கொடுத்துச் சில்லறை மாற்றிக்கொண்டது போலத்தான் என்றார். அழகான பதில். ஆனால் அந்தச் சில்லறையை எண்ணிக் காட்ட அவரிடம் எந்த வழியும் இல்லை. 1716 நவம்பரில் அவர் இறந்துபோனார்.

கடிதத்தில் தீராத வழக்கை ஒருவர் களிமண்ணுக்குக் கொண்டுபோனார். ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லம் ஸ்க்ராவெசாண்டே. நியூட்டனின் இயற்பியலை ஐரோப்பாக் கண்டத்தில் பரப்பியவர்களில் முதல் வரிசைக்காரர். உந்தம்தான் சரியான அளவு என்று நம்பியவர். 1722இல் அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே விட்டமுள்ள பித்தளைக் குண்டுகள் சிலவற்றைச் செய்துகொண்டார். உள்ளே கூடுவிட்டு வார்த்ததால் வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்று. எடை மட்டும் வேறு. சமமாக மெழுகிய மென்களிமண்ணின் மேல், அளந்த உயரத்திலிருந்து அவற்றை விழவிட்டார். விழுந்த இடத்தில் குண்டு ஒரு கிண்ணம்போல் குழி பறிக்கும். குண்டுகளின் அளவு ஒன்றே என்பதால் குழிகளை நேருக்கு நேர் ஒப்பிடலாம்.

ஒரு குண்டைவிட மூன்று மடங்கு எடையுள்ள குண்டை, அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து விட்டார். குழி இரண்டும் ஒன்று. உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிவருவது எங்கெங்கு சமமோ அங்கெல்லாம் குழியும் சமமாக வந்தது. உந்தங்கள் சமமாக இருக்கும்படி விட்டால் குழிகள் சமமாகவில்லை. இத்தாலியில் பொலேனி என்பவர் சில ஆண்டு முன்பே கொழுப்புக்கட்டியில் இதையே செய்து இதே முடிவை எழுதியிருந்தார். அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஸ்க்ராவெசாண்டேயைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. நியூட்டன் வீட்டுப் பிள்ளையே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கிளார்க் 1728இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கடிதத்தில் சூடு பறக்கிறது.

இங்கே கதையை நிறுத்திவிட்டு வாசகர் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை அறிவாளிகள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பது விளங்காது.

ஒரு பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போகிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார். நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொள்வோம். வண்டி 2 நொடியில் நிற்கும். அதற்குள் 10 மீட்டர் ஓடியிருக்கும். அதே வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில் வந்தால்? அதே பிரேக், அதே விசை. நிற்க 4 நொடி ஆகும். ஓடும் தூரமோ 40 மீட்டர். வேகம் இருமடங்கானபோது நேரம் இருமடங்குதான் ஆயிற்று, தூரம் நான்கு மடங்காகிவிட்டது.

வண்டியின் இயக்கத்தை எதை வைத்து அளப்பது? எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்று கேட்டால் விடை வேகத்துக்கு ஏற்ப வரும், அது உந்தம். எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்று கேட்டால் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வரும். அது விஸ் விவா. விசையை நேரத்தால் பெருக்கினால் ஒன்று, தூரத்தால் பெருக்கினால் மற்றொன்று. இரண்டு கட்சியும் சரி. ஒரு கட்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்றக் கட்சி அளவுகோலை. களிமண்ணில் குழியின் ஆழம் தூரம் சம்பந்தப்பட்டது என்பதால் அது லைப்னிட்ஸுக்குச் சாட்சி சொன்னது. சாலையில் குறுக்கே ஓடும் குழந்தைக்கும் அந்த 40 மீட்டர்தான் முக்கியம்.

பாரிஸில் இதை எதிர்த்துக் கடைசிவரை நின்றவர் டோர்டு டி மெய்ரான். 1728இல் அறிவியல் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரையில் ஒரு சாமர்த்தியமான வாதம் இருந்தது. மேலே எறிந்த கல் ஏறிய உயரத்தை ஏன் எண்ணுகிறீர்கள்? புவியீர்ப்பு இல்லாதிருந்தால் அது இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று ஒவ்வொரு கணத்துக்கும் பாருங்கள்; போகாமல் விட்ட தூரத்தைக் கூட்டுங்கள். அது வேகத்துக்கு ஏற்பவே வரும், வர்க்கத்துக்கு ஏற்ப வராது. கணக்குச் சரிதான், போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர் எமிலி டு ஷாட்லே.

இவரை வோல்டேரின் காதலி என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோகும் புத்தகங்கள் இன்னும் அச்சாகின்றன. 1706இல் பிறந்தவர், பிரபுக் குடும்பத்துப் பெண். மோபெர்டுயியிடமும் கிளேரோவிடமும் கணிதம் கற்றார். ஸிரே என்ற ஊரில் இருந்த மாளிகையில் வோல்டேரோடு சேர்ந்து சோதனைகள் செய்தார். நெருப்பின் தன்மை பற்றி அறிவியல் கழகம் அறிவித்த போட்டிக்கு வோல்டேர் எழுதிக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாமல் இரவில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். முதல் பரிசு இருவருக்கும் இல்லை; பரிசு பெற்றவர்களில் ஆய்லரும் ஒருவர் என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழகம் இருவர் கட்டுரைகளையும் அச்சிட்டது.

அந்தக் கட்டுரையில் மெய்ரானைப் புகழ்ந்திருந்தார். அச்சுக்குப் போவதற்குள் லைப்னிட்ஸைப் படித்து மனம் மாறிவிட்டது. 1740இல் வெளியான ‘இயற்பியலின் அடிப்படைகள்’ நூல் தன் மகனுக்குப் பாடம் சொல்வதுபோல் எழுதப்பட்டது. அதன் கடைசி அதிகாரத்தில் மெய்ரானின் பெயரைச் சொல்லியே அவர் வாதத்தை உடைத்தார். ஒரு பொருள் செய்யாமல் விட்டதை வைத்து அதன் வலிமையை அளக்க முடியாது. சுருக்கிய சுருள்வில், அமுக்கிய களிமண், ஏறிய உயரம் என்று அது உண்மையில் செய்து முடித்ததை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது சாரம்.

மெய்ரானுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கழகத்தின் நிரந்தரச் செயலாளர் பதவிக்கு அப்போதுதான் வந்திருந்தார். ஒரு பெண்மணிக்கு அச்சில் பதில் சொல்ல வேண்டிய நிலை. 1741 பிப்ரவரியில் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில், அம்மையார் என் கட்டுரையை நிதானமாக மறுபடி படித்தால் நல்லது என்ற தோரணை தெரிகிறது. அவர் மனம் மாறியதற்கு வீட்டுக்கு வந்துபோன லைப்னிட்ஸ் கட்சிக்காரர்கள்தான் காரணம் என்ற குத்தலும் உண்டு. சில வாரங்களிலேயே, மார்ச் மாதம், பிரஸ்ஸல்ஸிலிருந்து பதில் வந்தது. மெய்ரானின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, படித்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று காட்டியிருந்தார். மெய்ரான் அதற்கு மறுபதில் எழுதவில்லை. வோல்டேர்? அதே ஆண்டு அவர் மெய்ரான் பக்கம் நின்று கழகத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அதற்காக அவர்கள் பிரிந்துவிடவில்லை.

டு ஷாட்லே 1749 செப்டம்பரில், பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்தார். வயது 42. கர்ப்ப காலம் முழுதும் உட்கார்ந்து முடித்த நியூட்டனின் பிரின்சிபியா பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உரையும் முழு வடிவில் 1759இல்தான் வெளியாயின. இன்றுவரை பிரெஞ்சுக்காரர்கள் பிரின்சிபியாவைப் படிப்பது பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்பில்தான். லைப்னிட்ஸுக்காக வாதாடியவரின் கையால் நியூட்டன் பிரான்ஸுக்குள் போனார்.

அறிஞர்கள் இந்தச் சண்டையை எப்படி முடித்தார்கள் என்பது சப்பென்று இருக்கிறது. டாலம்பேர் 1743இல் வந்த தன் இயக்கவியல் நூலில் இது வெறும் சொல் சண்டை என்று ஒதுக்கினார். 1758இல் வந்த இரண்டாம் பதிப்பில், நேரத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டினார். எல்லோரும் களைத்துப் போயிருந்ததால் சரி என்றார்கள். ஆனால் டாலம்பேரின் தீர்ப்பு பாதித் தீர்ப்புத்தான். இரண்டு அளவும் கணிதத்தில் செல்லும் என்றால், உலகத்து வேலைக்கு எது உதவும்? எதை வைத்து விலை பேசுவது? அதற்கு விடை சொன்னவர்கள் கழகங்களில் இல்லை. மாவரைக்கும் ஆலையிலும் சுரங்க வாயிலிலும் இருந்தார்கள்.

பிரான்ஸில் பெலிடோர் என்ற பொறியாளர், நீர்ச்சக்கரத்தின் அடிப்பக்கம் மோதும் தண்ணீர், மேலிருந்து விழும் தண்ணீரைவிட ஆறு மடங்கு வேலை செய்யும் என்று எழுதினார். இங்கிலாந்தில் டெசாகுலியே, மேலிருந்து விழும் சக்கரத்துக்குப் பத்தில் ஒரு பங்குத் தண்ணீர் போதும் என்றார். இருவரும் பெரிய மனிதர்கள், இருவர் புத்தகமும் விற்றன. ஆலை கட்டுபவன் யாரை நம்புவான்?

ஜான் ஸ்மீட்டன் யாரையும் நம்பாமல் இரண்டு அடி விட்டத்தில் ஒரு மாதிரிச் சக்கரம் செய்தார். தண்ணீர் எவ்வளவு இறங்கியது, எத்தனை அடி இறங்கியது என்று ஒரு பக்கம். சக்கரத்தின் அச்சில் சுற்றிய கயிறு எவ்வளவு எடையை எத்தனை அடி தூக்கியது என்று மறுபக்கம். இரண்டையும் எடை பெருக்கல் உயரம் என்று ஒரே அளவில் எழுதினார். அடியில் மோதும் சக்கரம், கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பித் தரவில்லை. மேலே விழும் சக்கரம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தந்தது. 1759இல் ராயல் சொசைட்டியில் இதை வாசித்ததற்கு அவருக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தையும் கட்டி முடித்தார் அந்த மனிதர்.

அடியில் மோதும் தண்ணீர் ஏன் இவ்வளவு வீணாகிறது? மோதும்போது சிதறி, உருக்குலைந்து, அதிலேயே தன் வலிமையில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறது என்றார் ஸ்மீட்டன். மேலிருந்து இறங்கும் தண்ணீர் மோதுவதில்லை. தொட்டிகளில் உட்கார்ந்து தன் எடையால் அழுத்திக்கொண்டே இறங்குகிறது. 1776இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஒரு பாரத்துக்கு இருமடங்கு வேகம் கொடுக்க நான்கு மடங்கு பாடு தேவை என்பதையும் சோதித்துக் காட்டினார். லண்டன் நகரத்துக் கழகம் லைப்னிட்ஸை ஏற்காமல் போகலாம், யார்க்ஷயர் ஆலைக்காரர்கள் ஏற்றாயிற்று.

பிறகு நிலக்கரி வந்தது. கார்ன்வால் செம்புச் சுரங்கங்களிலும் ஹார்ட்ஸ் மலையைப் போலவே தண்ணீர்த் தொல்லை. இறைக்க நியூகமனின் நீராவி இயந்திரம் இருந்தது. ஆனால் கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். சுரங்க முதலாளிக்கு உந்தமும் தெரியாது, விஸ் விவாவும் தெரியாது. ஒரு மரக்கால் கரிக்கு எத்தனை ராத்தல் தண்ணீர் எத்தனை அடி ஏறிற்று? அதுதான் கேள்வி. ஸ்மீட்டன் திருத்தியமைத்த நியூகமன் இயந்திரம், ஒரு புஷல் கரிக்கு 90 லட்சம் அடி-ராத்தலுக்குச் சற்று மேல் தூக்கியது. ஜேம்ஸ் வாட்டின் இயந்திரம் அதைப்போல் இருமடங்குக்கும் மேல் தூக்கியது.

வாட்டும் அவர் பங்காளி போல்டனும் இயந்திரத்தை விற்ற விதம் இந்தக் கதைக்கு மிக முக்கியம். நியூகமன் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கு விலையை ஆண்டுதோறும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். மிச்சத்தை எப்படி நிரூபிப்பது? இயந்திரத்தின் துலாக்கட்டையில், அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணும் ஒரு கருவியை மாட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி போல்டன்–வாட் ஆட்களிடம். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் இத்தனை தண்ணீர், இத்தனை உயரம். பெருக்கினால் வேலை, அதிலிருந்து ரசீது. விசை பெருக்கல் தூரம் என்பது அச்சுப் புத்தகத்துக்கு முன்பே பற்றுவரவு ஏட்டில் ஏறிவிட்டது. சுரங்கக்காரர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் பணம் தர மறுத்து வழக்குக்குப் போனார்கள். கணக்கின் முறையை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

ஆலைகளைச் சுற்ற இயந்திரம் கேட்டவர்களிடம் இந்தப் பேரம் செல்லவில்லை. அவர்களிடம் பழைய நீராவி இயந்திரமே இல்லை, குதிரைகள் இருந்தன. எத்தனை குதிரைக்கு ஈடு என்று சொல்லுங்கள் என்றார்கள். செக்கு மாடு போல வட்டத்தில் நடந்து ஆலையைச் சுற்றும் குதிரையை வாட் எடுத்துக்கொண்டார். வட்டத்தின் ஆரம் 12 அடி. மணிக்கு 144 சுற்று. இழுப்பு 180 ராத்தல். நிமிடத்துக்கு 181 அடி நடந்து 180 ராத்தல் இழுக்கிறது, பெருக்கினால் 32,572. அதை 33,000 அடி-ராத்தல் என்று முழுமையாக்கினார். சாதாரணக் குதிரை நாள் முழுதும் இவ்வளவு இழுக்காது. வாங்கியவன் ஏமாந்தேன் என்று வந்து நிற்கக் கூடாது என்பதால் தாராளமாக வைத்த அளவு அது. இன்றைக்கும் நம் கிணற்றடியில் ‘அஞ்சு எச்.பி. மோட்டார்’ என்று சொல்லும்போது அந்தக் குதிரையைத்தான் சொல்கிறோம். 5 எச்.பி. என்றால் சுமார் 3,730 வாட். எதுவும் வீணாகாவிட்டால் 30 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு 12 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஏற்றலாம். உராய்வுக்கும் குழாய்க்கும் போனது போகத்தான் வாய்க்காலுக்கு வரும்.

குதிரையை அளந்தவர்கள் மனிதனையும் அளந்தார்கள். மின்விசைக்கு விதி கண்ட கூலோம், இளமையில் மார்டினிக் தீவில் கோட்டை கட்டிய ராணுவப் பொறியாளர். ஒரு மனிதன் நாள் முழுதும் செய்யக்கூடியது எவ்வளவு என்று அவர் செய்த ஆராய்ச்சி 1799இல் வெளியானது. சுமையோடு படி ஏறுபவனைவிட, கைவீசி வெறுமனே ஏறுபவன் தன் உடலைத் தூக்குவதன் மூலம் அதிக வேலை செய்துவிடுகிறான் என்று கண்டார். அதனால் ஆளை வெறுமனே மேலே ஏறவிட்டு, கப்பியில் தொங்கி இறங்கும்போது அவன் எடையே சுமையைத் தூக்கும்படி செய்வது மேல் என்பது அவர் யோசனை. கணக்காகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் சுமைகூலிக்காரர் மூட்டையைத் தலையில் வைத்துச் சமதரையில் ஒரு மைல் நடந்தால், மூட்டையின் மேல் செய்யப்பட்ட வேலை இந்தக் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். கழுத்து வலிக்கு அதில் பத்தி கிடையாது. இயந்திரத்துக்குப் பொருந்திய அளவை உடம்புக்கு வைத்தால் எது விடுபடும் என்பது கூலோமுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் களைப்பைத் தனியாகப் பேசினார். அவருக்குப் பின் வந்த பல முதலாளிகளுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிய விருப்பமில்லை.

கடைசித் துண்டைச் சேர்த்தவர்கள் இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள். ஒருவர் போன்ஸ்லே, நெப்போலியன் படையோடு ரஷ்யா போய்ச் சிறைப்பட்டுத் திரும்பியவர், 1827 முதல் மெட்ஸ் நகரத்துத் தொழிலாளர்களுக்கு இயந்திரவியல் வகுப்பு எடுத்தவர். மற்றவர் கொரியோலிஸ், புயலின் சுழற்சியோடு இன்று நாம் சேர்த்துச் சொல்லும் அதே பெயர். இயந்திரங்களின் பயனைக் கணக்கிடுவது பற்றி 1829இல் அவர் வெளியிட்ட நூலில் ‘வேலை’ என்ற சொல் இயற்பியலின் சொல்லாக நிலைபெற்றது. விசையைத் தூரத்தால் பெருக்கு. அதோடு விஸ் விவாவைப் பாதியாக்கினார்.

ஏன் பாதி? நின்ற பொருளைச் சீரான விசையால் தள்ளினால், வேகத்தின் வர்க்கம் முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கியதைப்போல் இருமடங்கு. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: செய்த வேலை, நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கத்தில் சரியாகப் பாதி வரும். லைப்னிட்ஸ் விகிதங்களை மட்டுமே ஒப்பிட்டதால் இந்தப் பாதி அவருக்குத் தேவைப்படவில்லை. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிச் சரிபார்க்க வேண்டிய பொறியாளருக்குத் தேவைப்பட்டது. பத்தாம் வகுப்புப் பையன் மனப்பாடம் செய்யும் அந்த ‘அரை’ இப்படித்தான் வந்தது. டு ஷாட்லேயின் வாதம் வென்றது உண்மை. ஆனால் அதை வெல்ல வைத்தது கரி விலை.

இவ்வளவு செய்தும் 1829இல் ஏடு நேராகவில்லை. ஸ்மீட்டனின் நல்ல சக்கரத்திலேயே மூன்றில் ஒரு பங்கு எங்கோ போய்விட்டது. கிளார்க்கின் உருண்டைகள் நின்றபோது போனதும் வரவில் ஏறவில்லை. அது சூடாக மாறியிருக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க எத்தனை அடி-ராத்தல் வேலை வேண்டும் என்று நம்பத் தகுந்தபடி அளந்து அச்சில் சொன்னவர் அப்போது யாரும் இல்லை. 772 என்று 1850இல் சொன்னவர் சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்தவரின் மகன், ஜேம்ஸ் ஜூல். அவரையும் அவருடைய வெப்பமானிகளையும் அடுத்த இதழில் சந்திப்போம்.